தபால் அக்கா

இறங்கும்போது அவர் யாரிடமும் பேசமாட்டார். மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை ஐம்பத்திரண்டு படிகள். வலது கையில் மூடி போட்ட சின்ன நீலப் பெட்டி. அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருப்பார். இடது முழங்கை கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும், கூட்டத்தில் வழி வாங்குவதற்கு. கைப்பிடிக் கம்பியைத் தொடமாட்டார். பெரிய டாக்டரே எதிரில் வந்து நலம் விசாரித்தாலும் கண்ணால் பதில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஏறும்போது பார்க்கவேண்டும் அவரை. படிக்கு ஒரு பேச்சு. தரை துடைக்கிறவரிடம் வாளியில் தண்ணீர் போதாது என்பார், காவலாளியிடம் மகளுக்குப் பரீட்சை எப்படி என்பார், மேலே போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரிச் செய்தி பாதி அவர் மடியில் விழுந்திருக்கும்.

நீலப் பெட்டியில் இருப்பது தாய்ப்பால். மூன்றாம் மாடிக் கோடியில், பிரசவத்தை ஒட்டி ஃப்ளூ காய்ச்சல் கண்ட பெண்களைத் தனியே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் தரைத்தளத்தில். அந்தப் பாலை இங்கிருந்து அங்கே கொண்டுபோகிற வேலை இவருக்கு. போகும்போது பால், வரும்போது சேதி. அதனால் தபால் அக்கா.

லிஃப்ட் இருக்கிறதே என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "லிஃப்ட்ல பத்து பேர் ஒரே மூச்சை மாத்தி மாத்தி விடுவாங்க. அதுவும் போக, ஒரு தடவை நடுவுல நின்னுபோச்சு. கையில பன்னெண்டு மில்லி. இருபது நிமிஷம். மேல அம்மா அழுவுறாங்க, கீழ புள்ள அழுவுது, நடுவுல தொங்கிட்டு நான் அழுவுறேன். வேண்டாம் சாமி." அதிலிருந்து படிதான். ஐம்பது வயதைத் தாண்டியவர், இடது முழங்கால் மடங்கும்போது ஒரு சத்தம் கேட்கும். ஒரு அளவு பெரிய கேன்வாஸ் ஷூவுக்குள் பஞ்சு வைத்துக் கட்டியிருப்பார்.

எல்லா அம்மாக்களையும் மேலே கொண்டுபோவதில்லை. லேசான சளி இருமல் என்றால் குழந்தை பக்கத்திலேயே இருக்கும். முகக்கவசம் போட்டு, கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு அம்மாவே பால் கொடுக்கலாம். உடம்பு நெருப்பாய்க் கொதித்து, இருமி இருமி எழுந்து உட்கார முடியாமல் கிடப்பவர்களைத்தான் காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுசாகக் கழிகிறவரைக்கும் தள்ளி வைக்கிறார்கள். அதுவரை பாலைப் பிழிந்து கொடுத்தனுப்பவேண்டும். ஃப்ளூ மூச்சில் போகும், இருமலில் போகும், கழுவாத கையில் போகும், பாலில் போகாது. காய்ச்சலை எதிர்க்க அம்மாவின் உடம்பு தயார் செய்கிற சரக்கில் ஒரு பங்கு பாலோடு பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது என்று டாக்டர் எனக்குப் பத்து நிமிடம் விளக்கினார். தபால் அக்காவுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. "இது சண்டை போடக் கத்துக்கிட்ட பால். கீழ இருக்குற பொடிசுக்கு இதுதான் வேணும்."

இவ்வளவும் எனக்குத் தெரியவந்தது என் தங்கையின் தயவில். ஊரே இருமிக்கொண்டிருந்த மாதம் அது. பஸ்ஸில் இருமல், வங்கி வரிசையில் இருமல், படம் பார்க்கப் போனால் அங்கேயும் இருமல். எங்கள் வீட்டில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்று நான் பெருமை அடித்துக்கொண்ட மறுநாள் அவளுக்கு இடுப்பு வலி எடுத்தது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். மயக்கம் தெளியாத கண்ணுக்கு முன்னால் ஒரு நொடி காட்டினார்களாம், அவளுக்குச் சரியாக நினைவில்லை. அன்று சாயங்காலமே காய்ச்சல் நூற்று மூன்று. தங்கையைச் சக்கர நாற்காலியில் வைத்து மேலே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மேலே துணைக்கு இருப்பவர் குழந்தைகள் அறைப் பக்கம் போகக்கூடாது, கீழே இருப்பவர் மேலே வரக்கூடாது என்பது சட்டம். ஆகவே நான் மேலே, தங்கையின் வீட்டுக்காரர் கீழே. குழந்தைகள் அறைக்குள் போனையும் விடமாட்டார்கள். அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினார். அதில் ஃப்ளாஷ் வெளிச்சமும் அவருடைய சட்டைப்பையும்தான் தெளிவாக விழுந்திருந்தன. எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்தவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது.

அப்போதுதான் தபால் அக்கா வந்தார். "பெரியம்மா யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களைத்தான். பதினேழாம் நம்பர் பாப்பாவுக்கு நீங்க பெரியம்மாதானே?"

யார் எந்த வயதாக இருந்தாலும், எந்த உத்தியோகத்தில் இருந்தாலும், குழந்தைக்கு என்ன முறையோ அதுதான் அவர் கூப்பிடும் பெயர். தங்கையின் வீட்டுக்காரர் ஒரு அலுவலகத்தில் முப்பது பேரை விரட்டி வேலை வாங்குகிறவர். இங்கே அவர் வெறும் "பதினேழு அப்பா". நான் கல்யாணம் காட்சி என்று ஒன்றும் செய்துகொள்ளாதவள். நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாக என்னை ஒருவர் பெரியம்மா என்று கூப்பிட, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதைச் சளி என்று நினைத்து அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காய்ச்சல் இருக்கா? சும்மா மறைக்காதீங்க. சிரிக்கிறேன்."

இந்தச் "சிரிக்கிறேன்" அவருடைய இன்னொரு வழக்கம். நாள் முழுக்க முகக்கவசம் போட்டிருப்பதால் அவர் வேடிக்கையாகச் சொல்வதை ஆட்கள் அதட்டல் என்று எடுத்துக்கொள்கிறார்களாம். ஒருத்தி அழுதேவிட்டாளாம். அதிலிருந்து எங்கெல்லாம் சிரிக்கிறாரோ அங்கெல்லாம் வாயால் சொல்லிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் கேட்பவர்களுக்கும் பழகிவிடும். அவர் சொல்லாத நேரத்தில்தான் பயப்படவேண்டும்.

கை கழுவும்போது இருபது வரைக்கும் உரக்க எண்ணுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். பதினாலில் நான் மணி கேட்டேன். சொன்னார், சொல்லிவிட்டு ஒன்று, இரண்டு என்று தொடங்கினார். பதினெட்டில் நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் பதில் சொல்லிவிட்டு மறுபடி ஒன்று. அன்றைக்கு அவர் கை தேய்ந்தது என்னால்தான்.

முதல் நாள் தங்கைக்கு வந்தது ஏழு சொட்டு. அரைமணி நேரம் பிழிந்து, நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி சின்ன ஊசிக்குழலில் சேர்த்தோம். அடியில் மஞ்சளாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது. "இதைப் போய் எடுத்துட்டுப் போவீங்களா?" என்றாள்.

"ஏன், இதுக்கென்ன குறைச்சல்? அவ வயிறு கோலிக்குண்டு சைஸுதான். அவளுக்கு இது விருந்து." தபால் அக்கா குழலில் பதினேழு என்று சீட்டு ஒட்டி, நேரம் எழுதி, வெளிப்பக்கத்தை மருந்துப் பஞ்சால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினார். வாயையும் மூடினார். ஏழு சொட்டுக்கும் அதே நடை, அதே முழங்கை. ஒரு நடையில் ஒரு அம்மாவின் பால்தான் எடுப்பார். இரண்டு பேருடையதைச் சேர்த்து எடுத்தால் பாதிப் படி மிச்சம் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். "படி மிச்சமாகும். மாறிப்போனா எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கறது?" என்றாராம்.

திரும்பி வரும்போது பெட்டிக்குப் பதில் கையில் ஒரு காகித உறை இருக்கும். அதற்குள் குழந்தையைச் சுற்றி வைத்திருந்த துணி. "மூக்குகிட்ட வெச்சுக்கோங்கம்மா. மோந்துக்கிட்டே பிழிங்க. புள்ள வாசனை பட்டா பால் நல்லா இறங்கும்." துணி மேலே வரலாம், மேலே வந்தது கீழே போகக்கூடாது; நேராகச் சலவைக்குப் போய்விடும். இருமல் ஏறிய துணி குழந்தைப் பக்கம் திரும்பவே கூடாது என்பதில் அவர் ரொம்பக் கறார்.

துணியைக் கொடுத்துவிட்டுச் சேதி சொல்வார். "கொட்டாவி விட்டா. ரெண்டு தடவை. ரெண்டாவது பெருசு." இன்னொரு நடைக்கு: "இடது கையை வெளிய எடுத்துட்டா. நர்ஸம்மா உள்ள வெச்சுச் சுத்தினாங்க. திரும்பவும் எடுத்துட்டா. உங்க குடும்பத்துல யாருக்குப் பிடிவாதம்?" நானும் தங்கையும் ஒருவரையொருவர் கை காட்டினோம். பார்த்ததை மட்டும்தான் சொல்வார். தூங்கினால், "தூங்குறா. வேற சேதி இல்ல." அவ்வளவுதான். தங்கை முகம் வாடுவதைப் பார்த்து, வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் சேர்த்துச் சொன்னால் என்ன, கேட்கிறவளுக்கு ஆறுதலாக இருக்குமே என்றேன்.

"இன்னிக்குச் சேர்த்துச் சொன்னா, நாளைக்கு நெஜத்தைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க பெரியம்மா. என்னை விட்டா அவங்களுக்குக் கண்ணு யாரு?"

இரண்டாம் நாள் மூன்று மில்லி. மூன்றாம் நாள் அதுவும் குறைந்துபோனது. குழந்தைக்கு மீதியை டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் வேறு பாலாகக் கொடுத்தார்கள். தங்கைக்குக் காய்ச்சல் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மூன்று மணிக்கு ஒருமுறை நான் அவளைத் தூக்கி உட்காரவைத்து, தலையணை முட்டுக்கொடுத்து, பிழியச் சொல்லுவேன். இந்தச் சில நாளை விட்டால் பால் வற்றிவிடும், அப்புறம் குழந்தை கைக்கு வந்தாலும் பிரயோஜனம் இல்லை என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். தங்கை துணியை மூக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். காய்ச்சல் தொண்டையிலும் நெஞ்சிலும் உட்கார்ந்திருந்தது. மூக்கு மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. "ஒரு வாசனையும் தோணல அக்கா. ஆஸ்பத்திரித் துணி மாதிரிதான் இருக்கு."

அன்று பகல் அவள் மாமியார் போன் செய்தார். "காய்ச்சக்காரி பாலைக் குடுத்துப் பச்சப் புள்ளைய எதுக்கு வம்புல மாட்டி விடறீங்க? டப்பா பால் வாங்கிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க." பாவம், அவரும் பயத்தில்தான் பேசினார். பாலில் காய்ச்சல் போகாது என்று டாக்டர் சொன்னதை நான் அப்படியே ஒப்பித்தேன். ஒப்பித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? எதிர்வரிசை மருந்துக்கடைக்குப் போய் ஒரு பால்பவுடர் டப்பா வாங்கி என் பைக்குள், துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வாய் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்தது. எனக்கும் அடிமனதில் அதே பயம் இருந்திருக்கிறது.

தபால் அக்கா கண்ணுக்கு எது தப்பும்? பையின் புடைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று தயாரானேன். "அது பையிலேயே இருக்கட்டும். டாக்டர் கேட்டா எடுத்துக் குடுங்க. நாமளா எடுத்து நீட்ட வேண்டாம்" என்றார். சிரிக்கிறேன் என்று சொல்லவில்லை.

அப்புறம் கை கழுவப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இருபது முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை, நான்தான் ஏற்கெனவே பாடம் படித்திருந்தேனே. குழாயை மூடிவிட்டு அவராகச் சொன்னார்.

"எனக்கும் இப்படித்தான். என் பையன் பொறந்தப்போ. பத்து நாள் தனியா வெச்சுட்டாங்க. கையில தரும்போது பால் வத்திப்போச்சு. கெட்டது ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் வளர்ந்தான், ஆறடி இருக்கான், கப்பல்ல வேலை. ஆனா அந்தப் பத்து நாள்ல யாராவது ஒருத்தர் மேல ஏறி வந்து, உன் புள்ள கொட்டாவி விட்டான்னு சொல்லியிருக்கலாம். ஒரு ஆள் வரல." ஈரக் கையை உதறிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் மேலே ஆறு பேர் ஆகிவிட்டார்கள். காலையிலிருந்து அவர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்; முழங்கால் சத்தம் வராந்தாக் கோடிவரை கேட்டது. இங்கே தங்கை படுக்கையைவிட்டு எழமாட்டேன் என்று பிடிவாதமாகப் படுத்திருந்தாள்.

"போதும் அக்கா. வரல. டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்துறதுக்கு மாத்திரை வாங்கிடு."

"இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கலாமே."

"யாருக்காக? எனக்கு அவ யாருன்னே தெரியல. உண்மையச் சொல்லட்டுமா? ஒரு துணிய மோந்து மோந்து பாக்கறேன், எனக்கு ஒண்ணுமே ஆகல. நான் அம்மாவே இல்ல போல." திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியாத கோபம். டாக்டரைத் தேடிப் போவதா, டப்பாவைத் திறப்பதா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது தபால் அக்கா உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. கையில் இரண்டு உறைகள். ஒன்றை நீட்டினார். "கால் கட்டைவிரலை ஆட்டிட்டே இருந்தா. தூங்கும்போதும் ஆட்டுறா. வேற சேதி இல்ல."

தங்கை வேண்டாவெறுப்பாகத் துணியை வாங்கி மூக்கில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு நாலு நாளாக நான் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தவள், தானாக எழுந்து உட்கார்ந்தாள்.

"இது அவ இல்ல."

"என்னடி சொல்றே?"

"இது என் புள்ள துணி இல்ல. யாரோட துணி இது? என் புள்ள துணி எங்க?" சின்ன வயதில் அவள் பென்சிலை யாராவது எடுத்துவிட்டால் இதே குரலில்தான் கேட்பாள்.

தபால் அக்கா கையிலிருந்த மற்ற உறையைத் திருப்பிப் பார்த்தார். அதில் பதினேழு என்று எழுதியிருந்தது. தங்கைக்குக் கொடுத்த உறையில் பதினொன்று. பாலுக்கு ஒரு நடை ஒரு அம்மா என்று கறாராக இருந்தவர், துணிதானே என்று அன்றைக்கு முழங்காலுக்குப் பயந்து இரண்டைச் சேர்த்து எடுத்துவந்திருக்கிறார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த நெற்றி அப்படியே வெளுத்துப்போனது.

"என் தப்பு" என்றார். சரியான உறையை இரண்டு கையாலும் நீட்டினார்.

தங்கை அதைப் பறித்துக்கொண்டாள். மோந்து பார்த்தாள். "ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, துணிக்குள்ளிருந்தே, "அக்கா, இவளைத் தெரியுது எனக்கு" என்றாள். அழுதாள். அழுதுகொண்டே குனிந்து தன் மார்புப் பக்கம் பார்த்தாள்; ஆஸ்பத்திரி உடுப்பின் முன்புறம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது.

நாலாம் நாள் பால் தானாகவே ஊறும், அதற்கும் துணிக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அவர் படித்தவர், சொல்லட்டும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முப்பத்தைந்து மில்லி வந்தது. ஒரு கையால் குப்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் என் கண்ணைத் துடைக்க முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குப்பியை மூடி நிமிர்ந்தால் தபால் அக்காவைக் காணோம். தலைமை நர்ஸிடம் போய்த் தானே தன்மேல் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமை நர்ஸ் நல்ல மனுஷி. பால் மாறவே மாறாது, குப்பிச் சீட்டையும் குழந்தை காலில் கட்டிய பட்டையையும் இரண்டு பேர் ஒத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறோம், துணியால் யாருக்கும் கெடுதல் இல்லை, வேலையைப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார். ஆனாலும் இவர் எங்கள் அறைக்கு வரவில்லை. "பசிக்கும் அக்கா அவளுக்கு. அவங்களைக் கூப்பிடு" என்று தங்கை என்னை விரட்ட ஆரம்பித்தாள். மாத்திரை கேட்டவள் இவள்தான் என்று யாராவது சொன்னால் நம்பமாட்டார்கள்.

கை கழுவும் இடத்தில் கண்டுபிடித்தேன். "முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். இருபதைத் தாண்டி அவர் எண்ணி நான் கேட்டதில்லை.

"துணிய மாத்தின கை, பெரியம்மா. பாலையும் இந்தக் கைதான் எடுத்துட்டுப் போகுது. வேற யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கேன்."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பிறந்ததிலிருந்து வராது. தோன்றியதைச் சொன்னேன். "வேற யாரும் வேண்டாம். நீங்க வரலன்னா நானே எடுத்துட்டுப் போறேன். லிஃப்ட்ல."

எண்ணுவதை நிறுத்தினார். கண்ணோரம் சுருங்கியது. "நான் சிரிக்கல" என்றார். குழாயை மூடிவிட்டு வந்து பெட்டியை எடுத்தார்.

அன்றைக்கு நான் வராந்தாக் கோடியில் நின்று அவர் இறங்குவதைப் பார்த்தேன். முழங்கை வெளியே, பெட்டி வயிற்றோடு. திரும்பி வந்தபோது சேதி மட்டும்தான். "எல்லாத்தையும் குடிச்சா. குடிச்சிட்டு ஏப்பம் விட்டா. நர்ஸம்மாவே திரும்பிப் பாத்தாங்க." அப்புறம் பதினொன்றாம் நம்பர் அம்மாவுக்கு வேறு துணி எடுத்துவர மறுபடி இறங்கினார். அன்றிலிருந்து துணிக்கும் ஒரு நடை ஒரு அம்மாதான். உறையில் எழுதுவது போதாது என்று துணியின் மூலையிலும் மையால் நம்பர் போட வைத்துவிட்டார். சலவைக்காரர்கள் திட்டுகிறார்கள் என்று கேள்வி.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒரு நாள் முழுதும் திரும்ப வரவில்லை என்று பார்த்துவிட்டு, ஆறாம் நாள் சாயங்காலம் தங்கையைக் கீழே சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். கை கழுவி, புது முகக்கவசம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஊரார் குழந்தைகளைப் போலத்தான் இருந்தாள், சிவப்பாய், சுருக்கம் சுருக்கமாய். இடது கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். தபால் அக்கா ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. வாயை வைத்ததும் பற்றிக்கொண்டாள். தங்கையின் மாமியார் மறுநாள் பார்க்க வந்து, தூக்கி முத்தம் கொடுக்கப் போனபோது தங்கையே கையை நீட்டித் தடுத்தாள். "கொஞ்சணும்னா கண்ணால கொஞ்சுங்க அத்தை. ஊரெல்லாம் ஃப்ளூ." அது யாருடைய வசனம் என்று எனக்குத் தெரியும். பால்பவுடர் டப்பாவைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அது என் அலமாரியில் திறக்காமல் கிடக்கிறது.

நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று காலை, படியேறப் போகிற வழியில் தபால் அக்கா வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அப்போதுதான் கை கழுவியிருந்தார். விரல் நுனியில் ஈரம் சொட்டியது. "பதினேழு கிளம்பியாச்சா?" என்றார்.

தங்கை எழுந்து வாசலுக்குப் போய்க் குழந்தையை நீட்டினாள். "ஒரு தடவை வாங்கிக்கோங்க அக்கா. நீங்க தூக்காம நாங்க போக மாட்டோம்."

இரண்டு கையும் உடனே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. இரண்டு எட்டுப் பின்வாங்கினார். "மேல அஞ்சு பேர் இருமிக்கிட்டு இருக்காங்கம்மா. அங்க போற உடம்பு இது. நான் யாரையும் தொடறதில்ல." எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டேன். ஒன்பது என்றார். எத்தனை குழந்தைகள் என்று கேட்டேன். யார் எண்ணினார்கள் என்றார். ஒன்றைக்கூடத் தூக்கியதில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் அந்தக் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

தங்கை என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே யோசனை ஒரே நேரத்தில் வருவது அபூர்வம். அவள் குழந்தையைச் சுற்றியிருந்த துணியை உருவி என் கையில் தந்தாள்; நான் வேறு துணி எடுத்துக் குழந்தையைச் சுற்றிவிட்டு, அதைக் கொண்டுபோய் தபால் அக்காவிடம் நீட்டினேன்.

வாங்கினார். முதலில் மூலையில் மையால் போட்டிருந்த நம்பரைப் பார்த்தார். பிறகு எட்டி நின்றபடியே குழந்தையின் காலில் இருந்த பட்டையைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவர் ஓரமாக ஒதுங்கி, முகக்கவசத்தைக் கழற்றினார். ஆறு நாள் பழகிய முகத்தை இன்றைக்காவது பார்த்துவிடலாம் என்று நான் எட்டிப் பார்த்தேன்.

துணிதான் தெரிந்தது.